பல்லுடைப் பறவையால் யாது பயன்?

கோடை விடுமுறையில் எம் ஊராகிய சேவூருக்குச் சென்றிருந்தபோது, அண்டை வீட்டில் தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "இந்த வருஷம் என்னப்பா படிச்சே?" என்று எம்மை வினவினார். சேவூர் ஆரணியை அடுத்துள்ளது. பட்டு நெசவே அவ்வூரார் பலர்க்கு வாழ்வு. அன்று அவர் தறியில் அன்னமும் மயிலும் கரையில் அமைந்த சேலையொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அன்னத்தைக் கண்டதும், கல்லூரி நூலகத்தில் யாம் அண்மையிற் படித்த செய்தியொன்று நினைவுக்கு வந்தது. "தாத்தா, பல கோடி வருஷத்துக்கு முன்னே பறவைகளுக்குப் பல் இருந்ததாம்" என்றோம். அவர் நாடாவைக் கையிற் பிடித்தவாறே சிறிது நேரம் எம்மை நோக்கினார். பின்னர், "இருந்துட்டுப் போகட்டுமப்பா. அதனாலே பட்டு விலை குறையுமா?" என்றார்.

யாம் விடையின்றி நின்றோம். அவ்வினா எம்மை விட்டு அகலவுமில்லை. ஏனெனின், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோராகிய எமக்கு அது புதிதன்று. "தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உற்றாரும் உறவினரும் கேளாத நாள் இல்லை. பறவையின் பல்லைப்பற்றிக் கேட்கப்பட்டதும், பழம்பாட்டின் சொல்லைப்பற்றிக் கேட்கப்படுவதும் ஒரே வினாவே. நாள்தோறும் கைத்தறியால் ஒரு குடும்பத்தைக் காப்பவர்க்கு அதனைக் கேட்கும் உரிமை முற்றும் உண்டு. ஆதலின் அதனை எள்ளி ஒதுக்காது தக்க விடை கூறுதல் கற்போர் கடனாம். உடனே கைப்பயன் தாராத கல்வியையும் ஒரு சமுதாயம் மதித்துப் பேணுதல் வேண்டும் என்பதும், பேணத் தவறிய சமுதாயம் தன் காலடியிற் கிடக்கும் செல்வத்தைப் பிறர் சொல்லியே அறிய நேரும் என்பதும் எம் கருத்து. அதற்குப் பல்லுடைப் பறவைகளின் வரலாற்றையே சான்றாகக் கொள்கின்றோம்.

இன்று வாழும் பறவைகளுள் மெய்யான பல் உடையது ஒன்றேனும் இல்லை. அலகே அவற்றின் கருவி. ஆதலின் பறவைக்கும் ஊர்வனவற்றிற்கும் இடையே கடத்தற்கரிய எல்லையொன்று உண்டென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1861-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பவேரியாவிலுள்ள ஸோல்ன்ஹோஃபன் என்னுமிடத்தில், கல்லச்சுக்கென வெட்டியெடுக்கப்படும் நேர்த்தியான சுண்ணக்கல்லினுள், சிறகின் தடம் தெளிவாகப் பதிந்த எலும்புக்கூடொன்று வெளிப்பட்டது. அதற்கு ஆர்க்கியாப்டெரிக்ஸ், அஃதாவது 'பண்டைச் சிறகு', எனப் பெயரிட்டனர். மறு ஆண்டில் இலண்டன் பொருட்காட்சிசாலையார் வேறு சில படிவங்களுடன் அதனை 700 பவுன் கொடுத்து வாங்கினர். அதற்குப் பறவைபோற் சிறகும், ஓணான்போல் நீண்ட வாலெலும்பும் இருந்தன, தலையோ சிதைந்திருந்தது. 1865-இல் ஜான் இவான்ஸ் என்பார் அக்கல்லிற் பற்கள் பொருந்திய தாடைத்துண்டொன்று இருத்தலைச் சுட்டிக்காட்டினார். அஃது அப்பறவையினதோ, உடன் புதைந்த மீனினதோ என்று பலர் ஐயுற்றனர். தலை முழுமையாய் அமைந்த வேறொன்று அந்நாட்டிற் கிடைத்துப் பெர்லின் நகரை அடைந்த பின்னரே அவ்வையம் அகன்றது.

இதற்கிடையில் அமெரிக்காவின் கான்ஸாஸ் நிலத்திலிருந்து இன்னும் தெளிவான சான்றுகள் வந்தன. யேல் கல்லூரிப் பேராசிரியர் ஒத்னியேல் சார்ல்ஸ் மார்ஷ் 1871-இல் மாணவர் பதின்மருடன் ஆங்குச் சென்று சுண்ணப்பாறைகளை அகழ்ந்தார். பெரிய பறவையொன்றன் எலும்புக்கூடு அகப்பட்டது; அதற்கும் தலை இல்லை. மறு ஆண்டில் மாணவர் நால்வரே உடன் சென்றனர். அவருள் ஒருவராகிய தாமஸ் ரஸல் என்பவரே, ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அதன் தாடைகளிற் பற்கள் இருந்தன. உலகின் கருத்தையே மாற்றிய அப்பொருளைக் கண்ட கண்கள் பேராசிரியருடையனவல்ல, மாணவர் ஒருவருடையன என்பதை இவ்விதழைப் படிக்கும் மாணவர்கள் சற்றே மனங்கொள்வாராக.

ஹெஸ்பரோர்னிஸ் எனப்பெற்ற அப்பறவை ஏறத்தாழ ஆறடி நீளமுடையது. அப்பெயர்க்கு 'மேற்றிசைப் பறவை' என்பது பொருள். சிறகுகள் குறுகிப் பறக்கும் ஆற்றலை இழந்தது அது. வலிய கால்களால் நீரை உந்தி, மூழ்கி மீன் பற்றி உண்டது. நழுவும் மீனை இறுகப் பற்றுதற்கு அதன் பற்கள் உதவின. ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகட்கு முன், வட அமெரிக்காவின் நடுப்பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில் அது வாழ்ந்தது. இன்று அவ்விடம் கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள புல்வெளி.

இரண்டாவது பறவையின் கதை இன்னும் சுவையுடையது. கான்ஸாஸ் வேளாண்மைக் கல்லூரிப் பேராசிரியர் பெஞ்சமின் மட்ஜ் என்பார் சில சிற்றெலும்புகளைத் திரட்டினார். மார்ஷின் போட்டியாளராகிய எட்வர்டு டிரிங்கர் கோப் என்பவருக்கு அனுப்பப் பெட்டியிற் கட்டி முகவரியும் எழுதியிருந்தார். அந்நிலையில் மார்ஷிடமிருந்து மடல் வரவே, முகவரியை மாற்றி அவருக்கே அனுப்பினார் என்பர். 1872-இல் அவ்வெலும்புகளை ஆய்ந்த மார்ஷ், அவை சிறு பறவையொன்றனுடையன எனக் கண்டார். முதுகெலும்பின் அமைப்பு மீனினதை ஒத்திருந்தமையின் இக்தியோர்னிஸ், அஃதாவது 'மீன்பறவை', எனப் பெயரிட்டார். உடனிருந்த பல்லுடைத் தாடையைக் கண்டு அவர் யாது செய்தார்? பறவைக்குப் பல் இராது என்னும் பழைய எண்ணத்தாற் பிணிப்புண்டு, அது சிறு கடற்பல்லி ஒன்றன் தாடை எனக் கொண்டு, அதற்கு வேறொரு பெயரும் சூட்டி அச்சேற்றிவிட்டார்! பின்னர்ப் பாறையை மேலும் நுணுக்கமாக அகற்றிப் பார்த்தபோதுதான், தாடையும் உடலும் ஒரே உயிரின் உறுப்புக்கள் என்பது தெரிந்தது. 1873-இல் அவர் தம் பிழையைத் தாமே திருத்தி வெளியிட்டார். 1880-இல் 34 படத்தகடுகளுடன் அவர் வெளியிட்ட 'பல்லுடைப் பறவைகள்' என்னும் பெருநூலைக் கண்ட சார்ல்ஸ் டார்வின், தம் கொள்கைக்கு இருபதாண்டுகளிற் கிடைத்த சான்றுகளுள் தலைசிறந்தது இதுவே என்னும் கருத்துப்பட அவருக்கு மடல் வரைந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1952-இல் யேல் நிறுவனத்தைச் சார்ந்த கிரிகரி என்னும் அறிஞர், அத்தாடை உண்மையிற் கடற்பல்லியினதே என்று மீண்டும் ஐயம் எழுப்பினார். மார்ஷ் முதலிற் கொண்டதே சரி, திருத்தியதே பிழை என்பது அதன் விளைவு. பலர் அதனை ஏற்றனர். 1970-க்குப் பின் பழைய எலும்புகளை மறுமுறை ஆய்ந்தும், புதியன கண்டெடுத்தும் நோக்கிய அறிஞர், பல் பறவையினதே என நிறுவினர். 2018-இல், கல்லை உடையாமலே அதன் உள்ளுறுப்பைக் காட்டும் கதிர்ப்படக் கருவியின் துணையால், மீன்பறவையின் மண்டையோடு முழுமையாக விளக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு சிறு தாடையைச் சுற்றி நிகழ்ந்த வழக்கு இது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோரின் வரலாற்றை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கு வியப்பளியாது. செல்லரித்த ஓலையில் ஓர் எழுத்தை ஒருவர் ஒருவாறு படிப்பார். வேறொரு பிரதி கிடைத்ததும் அதனை மாற்றுவார். மூன்றாமவர் வந்து முதற்பாடமே சரி என்பார். நான்காவது சுவடி கிடைக்கும்போது உண்மை தெளியும். ஒவ்வொருவரும் தம் சான்றை வெளிப்பட வைத்துச் சென்றமையால் பின்வந்தோர் திருத்த முடிந்தது. பாறை கல்லேடு, ஓலை பனையேடு. இரண்டையும் கற்பார்க்கு வேண்டும் பண்பு ஒன்றே. அது, தம் முதல் வாசிப்பின்மேற் காதல் கொள்ளாமை.

இனி வினாவுக்கு வருவோம். எம் ஊர் முதியவர் கேட்டதை 1892-இல் அமெரிக்கச் சட்டப் பேரவையிலேயே கேட்டனர். அலபாமா நாட்டுப் பிரதிநிதி ஹிலரி ஹெர்பர்ட் என்பார், அரசாங்க நிலநூல் ஆய்வுத் துறைக்குப் பணம் ஒதுக்குதலை எதிர்த்துப் பேசுங்கால், மார்ஷின் நூலையே எடுத்துக்காட்டிப் பல்லுள்ள பறவைகளுக்காக மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவதா எனச் சாடினார். பேரவையில் நகையொலி எழுந்ததில் வியப்பில்லை. துறையின் பணம் குறைக்கப்பட்டது. மார்ஷும் அரசாங்கப் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

வரிப்பணத்திற்குக் கணக்குக் கேட்டல் பிழையன்று, கேட்கவே வேண்டும். அளக்கும் கோலிலேதான் பிழை உண்டு. இவ்வாண்டு விதைத்ததை இவ்வாண்டே அறுக்கவேண்டும் என்னும் கோலால் நெல்லை அளக்கலாம். பனையை அளத்தல் இயலாது. மார்ஷின் பறவைகள் எவர்க்கும் சோறிடவில்லை என்பது மெய். ஆயினும் உயிரினங்களின் உறவுமுறையை நாம் இன்று அறிந்துள்ளவாறு அறிதற்கு அவை வழிகோலின. 2014-இல் பறவைகளின் மரபணுக்களை ஆய்ந்தோர், பல்லின் மேற்பூச்சை உண்டாக்கும் மரபணுக்கள் இன்றைப் பறவைகளிடத்துச் சிதைந்த நிலையிற் கிடத்தலைக் கண்டனர். தறியில் நெய்யப்பெற்ற அன்னத்திற்குப் பல் இல்லை. உயிருள்ள அன்னத்தின் உடலிலோ பல்லின் பழங்கணக்கு இன்றும் அழியாது கிடக்கின்றது. கல்லில் எழுதியதும் உயிரணுவில் எழுதியதும் ஒத்து நிற்கின்றன.

மார்ஷின் நூல் வெளிவந்த அதே 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையர், ஆங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிக் கூற, அவற்றால் யாது பயன் என்று முதலியார் கேட்டுவிட்டுச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அங்கேயும் 'யாது பயன்' என்னும் வினாவே எழுந்தது. ஆயின் அது கல்வியை அடைக்க எழவில்லை. இன்னும் ஆழச் செல்லுமாறு தூண்ட எழுந்தது. அதன் பயனாக 1887-இற் சிந்தாமணியும், 1889-இற் பத்துப்பாட்டும், 1894-இற் புறநானூறும் அச்சில் வந்தன. அவ்வேடுகளால் அன்று எவர் வீட்டு அரிசி விலையும் குறையவில்லை. இன்றோ, அவை இல்லாத தமிழரை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

ஈண்டு வேறொரு தடையையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. எம் சபையின் மூப்பர் ஒருவர், இத்தகைய நூல்களைப் படித்தால் விசுவாசம் தளராதோ என்று பரிவுடன் எம்மைக் கேட்டார். யாம் தாழ்மையுடன் கூறிய விடை இது: வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒருவரே என நம்புகின்ற நாம், அப்பூமியின் பாறை கூறும் சான்றைக் கண்டு அஞ்சுவோமாயின், நம் நம்பிக்கை அத்துணைச் சிறிது என்றே ஆகும். திருமறை நம்மை எவ்வாறு வாழவேண்டும் என்று கேட்கின்றது. கல்லேடு எவ்வெவை எக்காலத்து வாழ்ந்தன என்று கூறுகின்றது. ஒன்றன் வினாவுக்கு மற்றொன்றனிடம் விடை தேடுதலே இடர் விளைக்கும். சைவராகிய சாமிநாதையர் சமண காவியத்தைப் பதிப்பிக்குங்கால், தம் சமயத்திற்கு இழுக்கென அஞ்சினாரல்லர். சமணரிடமே சென்று அவர் கொள்கையைக் கேட்டுத் தெளிந்தார். உண்மையை நாடும் உள்ளத்திற்கு அத்துணிவு வேண்டும். மூப்பர் எம் விடையை முற்றும் ஒப்பினார் என்று கூறமாட்டோம். ஆயினும் கோபங்கொள்ளாமல் எம்மை வாழ்த்தி அனுப்பினார்.

"இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகளன்றோ?" எனின், அன்று. எம் ஊரைச் சூழ்ந்த குன்றுகள் உயிர்ச்சுவடு தாங்காத மிகப் பழைய கரும்பாறைகள். ஆயின் ஒரு பகலிற் சென்று மீளத்தக்க திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வக்கிரகாளியை வணங்கச் செல்வோர் அவற்றின் அருகே நாள்தோறும் நடக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவற்றைக் கண்டு குறித்தவர் சொன்னராத் என்னும் பிரெஞ்சு நாட்டார்.

இன்னும் தெற்கே, அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி நாட்டிற் கிடப்பதோ மார்ஷின் பறவைகள் வாழ்ந்த அதே சுண்ணப்பாறைக் காலத்துக் கடலின் அடிநிலம். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிற் கல்லான சிப்பிகளையும் சுருட்சங்குகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்ப, எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விளக்கி எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்நிலத்தை அளந்து, ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாக வகுத்தார். நம் ஊர்ப் பெயர்கள் உலகத்து நிலநூலில் ஏறியது அவ்வாறே. மொராவியா நாட்டிற் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்தாலிச்கா என்பார், அங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களை விளக்குதற்குப் பத்தாண்டுகட்கு மேல் உழைத்து, 1873-இல் அப்பணியை முடித்தார். மறு ஆண்டே மத்திய ஆசியப் பயணத்தினின்று மீளும் வழியில் லடாக்கில் உயிர் நீத்தார். 1879-இல் லைடெக்கர் என்பவர் அப்பாறைகளினின்று கிடைத்த ஊனுண்ணும் பேரோணான் ஒன்றன் பல்லையும், மீனுருக் கொண்ட கடல்வாழ் ஊர்வனவற்றின் முள்ளெலும்புகளையும் விளக்கினார். 1940-இற் சாத்தனூரில், அறுபதடி அளவுக்கு நீண்டு கிடக்கும் கல்மரத்தை அறிவித்த எம். எஸ். கிருஷ்ணனே நம்மவர்.

இப்பட்டியலை நோக்குமின். நூறாண்டுக் காலம் நம் நிலத்தைப் படித்தவர் பெரும்பாலும் கடல் கடந்து வந்தோர். அவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். அக்கல்லைக் கண்டு, அதன்மேல் ஏர் ஓட்டி, அதைக்கொண்டு வீடு கட்டி வாழ்ந்த நம்மவர்க்கு அது யாது எனக் கேட்கத் தோன்றாமை எதனால்? 'யாது பயன்' என்னும் கோல் நம் கையில் இருந்தமையால் என்றே யாம் கருதுகின்றோம்.

அதே கோல் இன்றும் வேலை செய்கின்றது. அரியலூர்ச் சுண்ணக்கல், பண்டைக் கடலிற் சிப்பிகள் திரண்டு படிந்தமையால் ஆயது. அதுவே சிமெண்டு ஆலைகட்கு மூலப்பொருள். சிமெண்டால் வீடுகள் எழுகின்றன; சுரங்கத்தால் ஆயிரவர் பிழைக்கின்றனர். அதனை நிறுத்துக என்று கூற எமக்கு உரிமையில்லை. சுரங்கம் வெட்டுதலாலேயே மறைந்திருந்த படிவங்கள் வெளிப்படுதலும் உண்டு. ஆயினும் வெளிப்பட்ட அன்றே அதனை அறியும் கண் அருகில் இல்லையாயின், அது மறுநாள் உலைக்களம் புகுந்து தூளாகும். ஓலைச்சுவடிகள் அடுப்பில் எரிந்ததைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் நாம், கல்லேடு உலையில் எரிவதை நூற்பாலும் எழுதாதிருத்தல் முறையோ? எரிந்த ஓலைக்கு வேறு பிரதி கிடைத்தலும் கூடும்; கல்லேட்டுக்குப் பிரதி இல்லை.

ஆகவே நம் கல்லூரியார்க்குச் சில சிறு வேண்டுகோள்களை விடுக்கின்றோம். ஆண்டுக்கு ஒரு நாளேனும் தமிழ் மாணவரும் விலங்கியல் மாணவரும் ஒருங்கு சேர்ந்து வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் கண்டு வருதல் வேண்டும். எடுத்துவர வேண்டா, கண்டு, வரைந்து, குறித்து வந்தாற் போதும். நம் விலங்கியற் காட்சியறையிற் கண்ணாடிப் பேழைகளுள் உள்ளவற்றிற்கு ஆங்கிலச் சீட்டின் கீழ்த் தமிழ்ச் சீட்டும் எழுதப்படல் வேண்டும். அப்பணியைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பார் ஏற்கச் சித்தமாய் இருக்கின்றோம். சுரங்கப் பகுதியினின்று வந்து நம்மோடு பயிலும் நண்பர்கள், கல்லிற் சுருள் வடிவமோ எலும்பின் வடிவமோ காணின் எவரிடம் சொல்லவேண்டும் என்பதைத் தம் ஊரார்க்கு அறிவித்தல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 1872-இல் தாமஸ் ரஸலும் ஒரு மாணவராகவே அந்நிலத்திற் குனிந்து பார்த்தார்.

விடுமுறை முடியுமுன் யாம் மீண்டும் அம்முதியவரிடம் சென்றோம். "பட்டு விலை குறையாது தாத்தா" என்று முதலில் ஒப்புக்கொண்டோம். பின்னர், நாடா ஓடுமுன் பாவு ஓட்டவும், சாயம் ஏற்றவும், பழைய பாவின் நுனியோடு புதியதை இழை இழையாய்ப் பிணைக்கவும் எத்தனை நாள் ஆகும் எனக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார். அத்தனை நாளும் ஒரு விரற்கடைத் துணியேனும் தோன்றுமோ என்றோம். தோன்றாது என்றார். பயன் தோன்றாத அந்நாட்களை வீண் என்று எவரேனும் கூறின் அவர் பொறார் என்பதை அவர் முகமே காட்டிற்று. சிறிது நேரம் நெய்தபின், "அந்தப் பறவை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். "மனுஷன் அளவு நீளம் தாத்தா" என்றோம். "பல் வெச்சு ஒரு அன்னம் கரையிலே போட்டா யாரும் வாங்கமாட்டாங்க" என்று நகைத்தார், யாமும் நகைத்தோம். ஆயினும் அவர் கேட்டது பறவையைப்பற்றியே, விலையைப்பற்றியன்று.